சரிவராத சுக்கான்

என் அக்காவின் புருஷன் அருமைநாயகத்துக்குப் பழுகாமத்தில் கப்பல்காரர் என்று பெயர். அவரிடம் கப்பல் இருந்தது என்பது பாதி உண்மை. அது ஓடியது என்று யாராவது சொன்னால் அது முழுப் பொய். எங்கள் ஊர் வேளாண்மை செய்கிற ஊர். ஆற்றோரம் மீன்பிடித் தோணிகள் கிடக்கும், வயல் வட்டைக்குள் உழவு மெசின் நிற்கும், அதற்கு மேல் எங்களுக்கு வாகன ஆசை கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், கரையோரத்து மருதமரத்தின் கீழே, ஆள் படுக்கக்கூடிய அறையும் நெட்டையான பாய்மரமும் உள்ள ஒரு வெள்ளை பைபர் படகு மரக்கட்டைகளுக்கு மேல் வருடக்கணக்காகக் குந்திக்கொண்டிருந்தது. கொக்குகளுக்கு அது வசதி. அத்தானுக்கு அது உயிர்.

அந்த உயிர் எப்படி வந்ததென்று விளங்க வேண்டுமானால் எங்கள் பக்கத்து ஆம்பிளைகளின் நிலைமையைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகள் பிறந்த வீட்டில் தகப்பன் அடுத்த மாதமே சீமெந்து விலை விசாரிப்பான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வருவார். வீடும் அதைச் சுற்றிய வளவும் வட்டைக் காணியும் பெண்ணின் பேரில் இருக்கும். பெண்ணின் தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். நல்ல வழக்கம். நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அப்படித்தான் வீடு கிடைத்தது.

அத்தான் பிறந்தது தாயின் வீட்டில். அந்த வீடு அவருடைய தங்கச்சிக்குப் போனது. தங்கச்சிக்குக் கலியாணம் பேசிய அன்றே அவருடைய கட்டில் விறாந்தைக்கு வந்தது, மாப்பிள்ளை வந்த அன்று கட்டிலும் உள்ளே போனது, அத்தான் பாயோடு மிஞ்சினார். பிறகு அக்காவைக் கட்டி எங்கள் வளவுக்கு வந்தார். அக்காவின் பெயர் சீதேவிப்பிள்ளை. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அத்தான் ஒருமுறை என்னிடம் சொன்னார், அதுவும் அக்கா களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில். அக்கா கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு கதிரையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்துவதென்றாலும் அவளைக் கேட்க வேண்டும். அத்தான் கேட்பார். அவள் வேண்டாம் என்பாள். அவர் "ஓம்" என்பார். அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அதுதான்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்த வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றில் அத்தான் வான் ஓட்டினார். அங்கே இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் லீவு நாளில் பாய் விரித்து ஓடுவதற்காக இந்தப் பழைய படகை எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தார். நிறுவனம் மூட்டை கட்டியபோது படகை மூட்டை கட்ட முடியவில்லை. அவர் அத்தானின் தோளில் தட்டி, "நாயகம், இது உனக்கு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். அந்த ஒரு வசனத்தை அத்தான் எங்களுக்குச் சொன்ன கணக்கு எனக்கு மறந்துவிட்டது. உனக்கு. உன் பெண்சாதிக்கு இல்லை, உன் மகளுக்கு இல்லை, உனக்கு!

பாய்மரத்தைச் சாய்த்து, எஞ்சின் தோணியில் கட்டி, நாங்கள் ஆறு என்கிற வாவி வழியே இழுத்து வந்தார்கள். ஊர் முழுக்கக் கரைக்கு வந்து பார்த்தது. அத்தான் கறுப்பு பெயின்ட் வாங்கிப் படகின் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதினார். 'அருமை' பெரிதாக வந்தது, 'நாயகம்' ஒடுங்கிப்போனது, கடைசி எழுத்து இடமில்லாமல் கீழே இறங்கியது. அவருடைய ஒரே மகள் கஜானிக்கு ஒருநாள் கலியாணம் நடக்கும், அக்கா பின்வீட்டுக்கு ஒதுங்குவாள், தான் ஒதுங்கப்போவதில்லை, படகை ஆற்றில் இறக்கி அதிலேயே இருந்துவிடப்போவதாகச் சொன்னார். சொன்னது என்னிடம். அக்காவிடம் சொல்ல அவருக்குப் பைத்தியமா?

ஒரே ஒரு குறை. சுக்கான் ஆடியது. படகைத் திருப்புகிற பலகைதான் சுக்கான். அதன் தண்டு படகின் அடியிலிருந்து ஒரு குழாய்க்குள்ளால் மேலே வரும். மேலே பூட்டியிருக்கிற கைபிடியைத் தள்ளினால் கீழே பலகை திரும்பும். குழாய்க்கும் தண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய புஷ் என்கிற வளையம் தேய்ந்துபோய், தண்டு கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கைபிடியை இடப்பக்கம் தள்ளினால் சுக்கான் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அந்த இடைவெளியால் தண்ணீரும் தாராளமாக உள்ளே வரும். அதனால்தான் படகு கட்டைமேல் ஏறியது.

அத்தான் திருத்தத் தொடங்கினார். தண்டைக் கழற்றினால் அது கீழ்ப்பக்கமாகத்தான் இறங்கும், அதற்குப் படகின் அடியில் ஓர் ஆள் நிற்கிற ஆழத்துக்குக் கிடங்கு வெட்ட வேண்டும். வெட்டினார். ஆற்றங்கரை மண், தண்ணீர் ஊறியது. இறைத்தார். எருமைக்கன்று ஒன்று அதற்குள் விழுந்தது, எருமைக்காரன் மூன்று தலைமுறையையும் இழுத்து ஏசிவிட்டுப் போனான். மாரி மழைக்குக் கிடங்கு தூர்ந்துவிடும். அத்தான் தை மாதம் மண்வெட்டியோடு போவார். ஊரார் வட்டையில் வேளாண்மை வெட்டுகிற காலத்தில் எங்கள் அத்தான் கரையில் கிடங்கு வெட்டுவார்.

புஷ்ஷுக்குப் பதிலாக முதலில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினார். அது கிழிந்தது. ரப்பர் செருப்பின் அடியை வெட்டித் திணித்தார், அக்காவின் செருப்பு வேறு, அதற்கு வாங்கிய ஏச்சு தனி. பிளாஸ்டிக் குழாயைச் சூடு காட்டி ஏற்றினார். கடைசியில் பாலைமரத்தில் ஒரு புஷ் கடைவித்து வந்தார். பார்க்க நல்ல அழகு. ஏற்றிப் படகைத் தண்ணீரில் இறக்கி அரைமணி நேரம் போகவில்லை, மரம் ஊறி ஊதி, சுக்கான் திரும்பினது திரும்பினபடியே இறுகிவிட்டது. அன்றைக்கு எங்கள் அத்தான் பாய் விரித்த படகில் கம்பீரமாக நின்றபடி ஒரே இடத்தில் வட்டமடித்தார். ஒவ்வொரு சுற்றிலும் கரையைத் தாண்டும்போது எங்களைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். பெண்கள் சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும். அதில் என்னுடையதுதான் பெரிது.

"கப்பல் எப்ப போகுது அத்தான்?" என்று கேட்பேன், வழியில் கண்டால்.

"இன்னும் கொஞ்சம் ஆடுது கண்ணகை. லேசில சரிவராது."

என் புருஷன் தங்கராசா மட்டும் சிரிக்கமாட்டார். அவருக்கு எங்கே சிரிக்க முகம்? தகப்பன் கொடுத்த பழைய தண்ணிப் பம்ப் ஒன்றைக் கொட்டிலில் பிரித்துப் போட்டுக்கொண்டு அவரும் வருடக்கணக்காக மினக்கெடுகிறார். இரும்பைக் கண்டால் ஆம்பிளைகளுக்கு மூளை கழன்றுவிடும் என்று அக்காவும் நானும் பேசிக்கொள்வோம். ஆனாலும் என்னுடையவர் கிடங்கு வெட்டவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பாலைமரப் புஷ்ஷை அத்தான் அரத்தால் தேய்த்துத் தேய்த்து, தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி தேய்த்து, ஒருநாள் காலையில் ஏற்றி முடித்தார். நான் ஆட்டைக் கட்டிவிட்டுப் போகிற வழியில் சுக்கானைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை. கைபிடி வெண்ணெய் போல வழுக்கித் திரும்பியது. எனக்கே ஆச்சரியம். மத்தியானம், ஊர் உண்டுவிட்டுப் படுத்திருக்கிற நேரம், ஆட்டை அவிழ்க்கத் திரும்பி வந்தால் கிடங்குக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். காலையில் ஏற்றிய அதே புஷ்ஷை அத்தான் உளியால் தட்டித் தட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கியதைத் துடைத்து ஒரு சாக்குக்குள் போட்டார். தேய்ந்துபோன பழைய புஷ்ஷை எடுத்து ஏற்றினார். தண்டைப் பிடித்து ஆட்டினார். கடகட என்றது. அவருடைய முகம் தெளிந்தது.

"என்ன வேலை அத்தான் இது?"

திடுக்கிட்டு எழும்பிப் படகில் தலையை இடித்துக்கொண்டார்.

"கொக்காட்ட சொல்லிப்போடாத கண்ணகை." என் அக்காவைத்தான் கொக்கா என்றார்.

"சரிவந்தத ஏன் கழட்டுறீங்க?"

"சரிவந்தா இது படகு. படகெண்டா கொக்கா சும்மா விடுவாவா? கஜானிக்கெண்டு எழுதிருவா. ஆடுற வரைக்கும் இது குப்பை. குப்பைய ஆரும் கேக்கமாட்டாங்க." தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "புள்ளைக்குக் கலியாணம் முடியட்டும். வீடு வளவு எல்லாம் எழுதி முடியட்டும். மறுகா இந்தப் புஷ்ஷைப் போடுவன், ஆத்தில இறக்குவன், ஏறிப் போயிருவன்."

நான் அக்காவிடம் சொல்லவில்லை. இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரே முட்டாள் என்று நினைத்துச் சிரிக்கிற மனிதன் ஊரையே முட்டாளாக்கிக்கொண்டிருக்கிறார், அது எனக்கு மட்டும் தெரியும். அப்படிப்பட்ட வேடிக்கையை ஒரு வார்த்தையில் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

கஜானிக்குக் கல்குடாவிலிருந்து சம்பந்தம் வந்தது. பொடியன் பெயர் நிலோஜன். ஹோட்டல் ஒன்றில் சுற்றுலாக்காரரைப் படகில் ஏற்றி இறக்குகிற வேலை. கறுப்புக் கண்ணாடி ஒன்று எந்நேரமும் அவன் தலைமயிருக்கு மேல் இருக்கும், கண்ணுக்கு முன்னால் அதை நான் ஒருநாளும் கண்டதில்லை. பெண்பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்த்த நேரம் கொஞ்சம். வெற்றிலைத் தட்டத்தை வைத்த கையோடு, "ஆர்ர படகு அது, கரையில?" என்றான்.

"அதா? அது குப்பை மனே," என்றாள் அக்கா. "சுக்கான் ஆடுது. இவரும் எத்தின வருசமா அதோட மினக்கெடுறார்."

"சுக்கான் ஆடுறதா? அது ஒரு காலமை வேலை மாமி, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

அத்தானின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை நடுவழியில் நின்றது. "இல்ல தம்பி, லேசில சரிவராது. அது வேற மாதிரி ஆட்டம்."

"எல்லா ஆட்டமும் ஒரே ஆட்டந்தான் மாமா. விடுங்க, நான் பாத்துக்கிறன்."

அன்றே தண்டை அளந்துகொண்டு போனான். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னான். அந்த வாரம் அத்தான் உழைத்த உழைப்பு அவர் வாழ்நாளில் உழைக்காதது. கிடங்கை முழுவதுமாக மூடி மிதித்து இறுக்கினார். "சின்னப் பிள்ளையள் விழுந்திரும்" என்றார். நட்டுக் கழற்றுகிற சாவியை ஒளித்தார். ஞாயிறு விடிய, கச்சான் காற்று சரியில்லை என்றார், பாட்டிமை, நாள் கூடாது என்றார், தனக்கு நெஞ்சு நோகிறது என்றும் சொன்னார். நிலோஜனின் பெட்டியில் எல்லா அளவிலும் சாவி இருந்தது. கிடங்கு வெட்ட ஊர்ப் பொடியன்கள் வரிசையில் நின்றார்கள்; வருங்கால மாப்பிள்ளை எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் பிடிக்கிறார் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? அவன் ஒவ்வொரு நட்டைக் கழற்றுமுன்னும் போனைப் பார்த்து, "வணக்கம் உறவுகளே, இப்ப நாங்க என்ன செய்யப்போறமெண்டா..." என்று தொடங்குவான். உறவுகள் யாரென்று எனக்குத் தெரியாது. சொந்த மாமன் பக்கத்தில் நின்றார், அவரைப் போனில் காட்டவே இல்லை.

தண்ணீரில் ஊதாத ஒரு வகை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் புஷ் கடைவித்து வந்திருந்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று. கிறீஸ் பூசித் தட்டி ஏற்றினான். சாப்பாட்டு நேரத்துக்குள் படகு தண்ணீரில் நின்றது. பாய் ஏறியது. கச்சான் காற்று பாயை நிரப்பியதும் படகு ஒரு முறுவலோடு புறப்பட்டு, அக்கரைக் கண்டல் மரங்கள் வரைக்கும் நேராகப் போய், சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்துக்கு வந்து நின்றது. ஊர் கைதட்டியது. அத்தானும் ஏறப் போனார்தான். "மாமா, நீங்க கரையில நிண்டு கயித்தைப் பிடிங்க" என்று நிலோஜன் சொன்னதும் இறங்கி நின்று கயிற்றைப் பிடித்தார். அந்தப் படகு ஓடும் என்று அத்தனை வருடமாகத் தெரிந்திருந்த ஒரே மனிதர், அது ஓடியபோது அதில் இல்லை. நான் அன்று சிரிக்கவில்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சபை நடுவில் சொன்னாள்: "அப்ப படகும் கஜானிக்குத்தான். வேற ஆருக்கு? என்ன, நான் சொல்றது?"

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றார் அத்தான்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. அக்காவும் அத்தானும் பின்வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் கதிரை எந்தச் சுவரில் என்பதை அக்காதான் முடிவு செய்தாள். பாலைமரப் புஷ் இருந்த சாக்கை அத்தான் உள்ளே கொண்டு வந்தார். "இந்தக் குப்பைய என்ட வீட்டுக்க வெக்காதீங்க" என்றாள் அக்கா. அவர் அதைக் கொண்டுபோய் மருதமரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். படகின் பின்னால் 'அருமைநாயகம்' மேலே நீல பெயின்ட் ஏறி, அதன் மேல் 'கஜானி' என்று எழுதப்பட்டது. சின்னப் பெயர், இடம் தாராளமாகக் காணும்.

நிலோஜன் பாவம், கல்குடாவிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கியவன். தான் திருத்திய படகு தன்னுடையது என்று நினைத்துவிட்டான். பாய் விரித்து ஓடுகிற வீடியோவைப் போட்டு, 'என்ட படகு' என்று மேலே எழுதினான். ஊரெல்லாம் பார்த்தது. கீழே முதல் ஆளாகக் கஜானி எழுதியிருந்தாள்: 'என்ட படகு. கேட்டுப்போட்டு எடுங்க.' அவள் அக்காவின் மகள், வேறெப்படி எழுதுவாள்? அதற்குப் பிறகு அவன் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தான். அவள் வேண்டாம் என்ற நாளில் கரையில் போய்ச் சும்மா குந்தியிருப்பான். பக்கத்தில் அத்தானும் குந்தியிருப்பார். இருவரும் படகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேளாண்மை தொடங்குகிற காலத்தில் அக்காவும் கஜானியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். படகை விற்றுவிட்டு உழவு மெசின் எடுப்பது. மெசினும் கஜானியின் பேரில்தான். மட்டக்களப்பு டவுனிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். படகில் ஏறினார், பாயைத் தடவினார், அறைக்குள் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், பிறகு சுக்கான் கைபிடியைப் பிடித்தார். கடகட என்று ஆடியது. முகத்தைச் சுழித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

"நல்லாத்தானே இருந்தது," என்றான் நிலோஜன். "என்ன நடந்ததெண்டு தெரியா மாமி."

"ஒரு காலமை வேலையெண்டீங்களே மனே. செய்ங்க."

படகு மறுபடி கட்டைமேல் ஏறியது. கிடங்கு வெட்டப்பட்டது. இம்முறை உறவுகளுக்கு வணக்கம் இல்லை, போன் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. ஒரு காலமை போய், ஒரு மாதம் போய், மாரி வந்து கிடங்கு தூர்ந்து, தை பிறந்து மறுபடி வெட்டப்பட்டது. "உன்ட மாப்பிள்ளையும் கப்பல்காரனாப் போயிற்றான்கா" என்று நான் அக்காவைச் சீண்டினேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மத்தியானம் ஆட்டை அவிழ்க்கப் போனேன். கிடங்குக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். நிலோஜன் உளியால் அந்த வெள்ளைப் புஷ்ஷைத் தட்டித் தட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அத்தான், மருதமரத்துச் சாக்கை விரித்துப் பிடித்தபடி. புஷ் அதற்குள் விழுந்தது. என் நிழலைக் கண்டு நிலோஜன் எழும்பி, அத்தான் இடித்த அதே இடத்தில் தலையை இடித்துக்கொண்டான்.

"சின்ன மாமி..." என்றான், உளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி.

அத்தான் அவசரமே இல்லாமல் சாக்கின் வாயைக் கட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கண்டதில்லை. "லேசில சரிவராது கண்ணகை," என்றார்.

வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன். ஆடு இழுத்த பக்கம் போய், பின்பக்க வேலியால் வளவுக்கு வந்தேன். கொட்டிலில் தங்கராசா பம்ப்பின் மூடியைப் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டி முடித்துக் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் அது ஸ்டார்ட் ஆகியது. ஒரு இருமல் இல்லை, ஒரு குறை இல்லை, நல்ல சத்தம். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு நிறுத்தினார். சாவியை எடுத்தார். மூடியைக் கழற்றத் தொடங்கினார்.

நான் வேலிக்குப் பின்னால் ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். எங்கள் வீட்டைப் பார்த்தேன், வளவைப் பார்த்தேன், மறுபடி அவரைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் எல்லாவற்றையும் சாக்கில் பரப்பி முடிக்கும்வரை காத்திருந்து, அப்போதுதான் வந்தவள் போல உள்ளே வந்தேன்.

"என்ன, பம்ப் சரிவந்திட்டா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல," என்றார், திரும்பிப் பார்க்காமலே.